பால்காரரைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில், பணி ஓய்வு பெற்றவர்கள் குடியேற ஏற்ற ஊர் என்று கும்பகோணத்தைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மேலே மகாமகக் குளத்தின் படம். கீழே எந்தப் பக்கம் மனை என்ன விலை, எந்தக் கோயிலுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு கட்டம். என் கணவர் படித்து முடித்து, பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினார். "உன் வாய்க்காலைப் பத்தி ஒரு வரி இல்லை பார்" என்றார். அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சென்னைப் பெரம்பூரில் 31 வருஷம் இருந்தவர்கள். அவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் தொலைபேசித் துறையில் டிரங்க் கால் போட்ட காலத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020இல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள். பிறந்தது வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். எங்களுக்கு டவுன் என்றால் கும்பகோணம்தான். கல்யாணத்துக்குப் புடவை, சீர் வரிசைக்குப் பாத்திரம், பல்வலிக்கு டாக்டர் எல்லாமே அங்கே. அதனால் ஊரைப் பற்றித் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு ஊருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது வேறு, அங்கே ராத்திரி படுத்து எழுந்திருப்பது வேறு. இந்த இரண்டரை வருஷத்தில் இப்போது இருப்பது மூன்றாவது வாடகை வீடு.

முதல் வீட்டைச் சித்திரையில் பார்த்தோம். அதுதான் முதல் தப்பு. சித்திரை வெயிலில் எந்த நகரும் அழகுதான். அரசலாற்றுக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாகப் போட்ட மனைகள். பெயர் வேண்டாம். அகலமான தெரு, தெருவுக்குப் பலகை, வாசலில் கார் நிறுத்த இடம், இரண்டு படுக்கையறை, வெஸ்டர்ன் டாய்லெட். தூரத்தில் தென்னை வரிசை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி போர் தண்ணீர் இனித்தது. அவருக்கு முட்டி வலி. படி ஏற வேண்டாத வீடு என்றதும் அங்கேயே முடிவு செய்துவிட்டார். பிடித்திருந்தால் பக்கத்து மனையையே வாங்கிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு.

அந்த வருஷம் கார்த்திகை பிறந்து சில நாள். விடாமல் மழை. இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து 'களக் களக்' என்று சத்தம். போய் லைட்டைப் போட்டால், போக வேண்டிய தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பழக்கம், எதற்கும் நேரம் குறித்துவிடுவேன். கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எழுதினேன்: 2.10. அடுத்த கோடு 3.25. அடுத்தது 5 மணி, அதற்குள் கணுக்காலைத் தாண்டிவிட்டது. அவர் முட்டி வலியோடு காஸ் சிலிண்டரைத் தூக்கி டைனிங் டேபிள் மேல் வைத்தார். செருப்பு ஸ்டாண்டில் ஒரு தவளை உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் பால்காரர் மெயின் ரோட்டிலேயே நின்று "அக்கா, நீங்கதான் வரணும்" என்று குரல் கொடுத்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குவாளியோடு நடந்து போய் வாங்கி வந்தேன். தண்ணீர் வடிய நான்கு நாள். செப்டிக் டேங்க் நிரம்பியதால் அந்த நான்கு நாள் டாய்லெட்டுக்குப் பட்ட பாட்டைப் பேப்பரில் எழுத முடியாது.

ஐந்தாம் நாள், வயல் வேலைக்குப் போகும் வயதான அம்மா ஒருவர் எங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "ஏம்மா, இது கன்னி வாய்க்கா போன எடம்" என்றார். கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய கோடு எதிர் வீட்டுச் சமையலறை வழியாக வந்து, எங்கள் படுக்கையறை வழியாகப் போனது. "நெல்லு நின்ன எடத்துல நீங்க நிக்கிறீங்க. தண்ணிக்கு எப்படித் தெரியும்?"

காவிரி டெல்டாவில் நஞ்சை என்றால் சும்மா ஒரு நிலம் இல்லை. தண்ணீர் உள்ளே வர ஒரு வழி, வடிய ஒரு வழி, இரண்டும் இருந்தால்தான் அது வயல். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், கடைசியில் மடை. இன்னொரு பக்கம் வடிகால். மனை போடுகிறவர் வயலில் மண்ணை அடித்து ரோடு போடும்போது, வாய்க்காலைத் தூர்த்துவிடுகிறார். மனசாட்சி உள்ளவர் ஒரு சிமென்ட் குழாயைப் புதைக்கிறார். குழாயில் இரண்டு வருஷத்தில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். இதில் இன்னொரு கூத்து, பின்னால் வீடு கட்டுகிறவர்கள் முன்னால் கட்டியவர்களைப் பார்த்து இரண்டு அடி கூட உயர்த்துவார்கள். தெரு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள். முதலில் வந்தவன் வருஷா வருஷம் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருப்பான்.

இந்த ஊர்க் கதையே இதுதான் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. கும்பம் உடைந்து அமுதம் வழிந்து ஓடிப் போய்த் தங்கிய இரண்டு இடம்தான் மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும் என்று தலபுராணம் சொல்கிறது. அமுதமே பள்ளம் பார்த்து ஓடிய ஊரில் மழைத் தண்ணீர் ஓடாதா?

சரி, புறநகர் வேண்டாம், பழைய ஊருக்குள்ளேயே போய்விடுவோம் என்று இரண்டாவது வீடு. கும்பேஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒன்று. பழைய ஊர் மேட்டில் இருக்கிறது, பாதாளச் சாக்கடை உண்டு, எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் தெரு காய்ந்துவிடும். முன்னோர் முட்டாள்கள் இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று 18 அடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீடு. முற்றத்தில் விழும் வெயிலைப் பார்த்ததும் எனக்கு அம்மா வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் வாசலிலேயே நின்றார். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலைப்படி. கழிப்பறை கொல்லைக் கோடியில். கூடத்துக் கட்டிலிலிருந்து அதுவரை அவர் டேப் பிடித்து அளந்தார்: 63 அடி. நடுவில் முற்றம். மழை நாள் ராத்திரி குடை பிடித்துக்கொண்டு டாய்லெட் போகிற வயதா இது? ஏழு மாதம் தாக்குப் பிடித்தோம்.

அந்தத் தெருவைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் கோயில் மணி, பூக்காரம்மா, ஃபில்டர் காபி வாசனை. மருந்துக்கடை நாலு எட்டில். உடம்புக்கு முடியாமல் போனால் பத்து வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆனால் திருவிழா நாளில் தெரு முனையில் கயிறு கட்டிவிடுவார்கள். சாரங்கபாணி கோயில் தேர் ஓடும் வீதிகளில், மின்கம்பிகளை அவிழ்த்து வழிவிடுவதால் மின்சாரமும் இருக்காது. தேர் பார்க்கக் கொடுத்து வைக்க வேண்டும்தான். நெஞ்சு வலி வந்தவரை ஆட்டோவில் ஏற்ற அந்தத் தெரு மூச்சு முட்டும். மகாமகக் குளத்துக்கு அருகே அடுக்குமாடியில் என் அத்தை மகள் இருக்கிறாள். 2016 பிப்ரவரி 22 மகாமகத்தன்று அவள் வீட்டில் 23 பேர். அடுத்தது 2028. "இப்பவே சொல்லிட்டேன், அந்த வாரம் நாங்க உங்க வீட்டுக்கு வந்துடுவோம்" என்கிறாள். எந்த வீடு என்று இன்னும் முடிவாகவில்லையே என்றால் சிரிக்கிறாள்.

பழைய வீடு பார்க்கும்போது நான் மாடிப்படியையும் கூரையையும் கட்டாயம் பார்ப்பேன். பின்கட்டில் கீற்றுக் கொட்டகை, அதற்கு ஒடுக்கமாக ஒரே படி என்றால், மேலே ஏறாமலே திரும்பிவிடுவேன். 2004 ஜூலை 16ஆம் தேதி பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. புரோக்கர்களுக்கு நான் இதைக் கேட்பது பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இதே சுற்றுவட்டத்தில்தான் ஒரு வீட்டை வாங்கவே இருந்தோம். விலை கேட்டால் நம்ப முடியவில்லை, அவ்வளவு குறைவு. புரோக்கர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வீடு உங்களுது சார். மனை மட்டும் சாமியுது. சாமி ஒண்ணும் கேக்க மாட்டார்." அதாவது அடிமனை. நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். மேலே இருக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு. மாதா மாதம் மனை வாடகை கட்டிக்கொண்டு வர வேண்டும். கோயில் ஊர்களில் இப்படித் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பெரம்பூர் ஃபிளாட்டை விற்ற காசை அதில் போடலாமா? என் நாத்தனார் மகன் வக்கீல். போனில் கேட்டதும் கத்தினான். 1959ஆம் வருஷ அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி கமிஷனர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, பதிவு அலுவலகத்தில் பத்திரமும் ஆகாது, வெறும் அக்ரிமென்ட் எழுதிக் கைமாற்றுவார்கள், நாளைக்கு வாடகையை ஏற்றினால் போய் நிற்க இடமில்லை என்றான். வாடகைக்கு இருங்கள் மாமி, வாங்காதீர்கள் என்றான். உங்கள் கட்டத்தில் 'நகரின் மையத்தில் குறைந்த விலையில் பாரம்பரிய வீடுகள்' என்று போட்டிருந்தீர்களே, அவற்றில் எத்தனை அடிமனை என்று யாராவது கேட்டீர்களா?

பிறகு தாராசுரம் பார்த்தோம். பேரூராட்சியாக இருந்தது, 2021இல் கும்பகோணம் மாநகராட்சியானபோது அதற்குள் வந்துவிட்டது. எனக்குப் பிடித்த இடம். சௌராஷ்டிரர்கள் பட்டு நெய்யும் தெருக்கள். பகலில் தறிச் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும், எங்கள் எக்ஸ்சேஞ்ச் ரிலே சத்தம் மாதிரி. ஐராவதேஸ்வரர் கோயில் விமானம் மாடியிலிருந்து தெரியும் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. இவர் மாடியை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரே சொன்னார்: "சார், இது கோயில்லேர்ந்து நூறு மீட்டருக்குள்ள வருது. இடிச்சுக் கட்ட முடியாது, மேல எழுப்ப முடியாது." 2010இல் திருத்திய தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அந்த 100 மீட்டரைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சரிதான், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில், அதன் தலைக்கு மேல் நாலு மாடி கட்டினால் அப்புறம் எதற்குக் கோயில்? கட்டின மாதிரியே இருந்துகொள்கிறோம் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அங்கேயும் மழை நாளில் போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள ஊர் உயர்ந்து உயர்ந்து கோயில் பள்ளத்தில் நிற்கிறது. பெருமழையில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. சோழன் கட்டும்போது பள்ளம் பார்த்தா கட்டியிருப்பான்?

திருநாகேசுவரம், உப்பிலியப்பன் கோயில் பக்கமும் ஒரு மாதம் அலைந்தோம். ரயில் நிலையம் இருக்கிறது, ஊர் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம். அந்த நேரம் வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும் நெரிசலில் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே வர முடியாது. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களின் மேளச் சத்தம் வேறு. அந்தக் கலகலப்பு வேண்டும் என்பவர்களுக்கு நல்ல இடம். இவருக்கு மத்தியானம் தூங்கியாக வேண்டும்.

விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையை ஒட்டி மனை போடுவதைப் பற்றி உங்கள் கட்டுரை ரொம்ப உயர்த்தி எழுதியிருந்தது. நான் சொல்வதெல்லாம், ஒருநாள் அந்தச் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பாருங்கள். நீங்கள் நிற்பது மேட்டில். மனைக்கல் நட்டிருப்பது கீழே.

இப்போது யாராவது எங்களிடம் வீடு பார்ப்பதைப் பற்றிக் கேட்டால், பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் வேறு சிலதைப் பாருங்கள் என்கிறேன். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, மனைக்குள்ளோ பக்கத்திலோ வாய்க்கால் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். இப்போது அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது, பேரனிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவான். அப்புறம் தெருவில் நடந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் மோட்டார் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தரையில் இருந்தால் நல்லது. செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்தில் மேடை கட்டி வைத்திருந்தால், அந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்காமலே உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கீழ்ச் சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர் வீட்டுக்காரரும் இல்லை, புரோக்கரும் இல்லை. பால்காரர், காஸ் சிலிண்டர் போடும் பையன், தபால்காரர், இவர்கள்தான். கார்த்திகை மழையில் எந்தத் தெருவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளினோம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பொய் சொல்லி அவர்களுக்கு ஒரு கமிஷனும் கிடைக்கப்போவதில்லை.

இன்னொன்று, பெண்கள் கவனிக்க வேண்டியது. டவுன் பஸ் எந்த நேரத்துக்கு எத்தனை என்று ஒருநாள் முழுக்க நிறுத்தத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் வசதியுள்ள இடமாகப் பார்த்துவிட்டால் மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் ஓசியில் போய்வரலாம். என் கணவருக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் காண்பிப்பார், பரவாயில்லை.

இப்போது நாங்கள் இருப்பது ஊருக்குள் ஒரு சின்ன மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷன். ஒரு வீட்டையும் பார்த்து வைத்திருக்கிறோம், சுவாமிமலைப் பக்கம். பஸ் நிறுத்தம் ஐந்து நிமிட நடை. பின்னால் கொஞ்சம் தள்ளி ஸ்தபதிகளின் பட்டறை. காலை பத்து மணிக்கு மேல் அரம் போடும் சத்தம் லேசாகக் கேட்கும். வாசலில் ஒரே படி. கழிப்பறை படுக்கையறைக்குள்ளேயே. நிலம் பட்டா நிலம், நாத்தனார் மகன் பார்த்துச் சரி என்றுவிட்டான். பக்கத்து வீட்டு மோட்டார் தரையில்தான் இருக்கிறது. பால்காரரைக் கேட்டேன். "தெரு முனை வரைக்கும் நிக்கும்மா, உள்ள வந்து நான் பார்த்ததில்லை" என்றார். தெரு முனைக்கும் இந்த வீட்டுக்கும் 40 எட்டு. நான் நடந்து பார்த்தேன்.

தீபாவளி கழிந்து விடாமல் மூன்று நாள் ஒரு மழை பெய்யட்டும், குடையோடு வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டோம். அவர் சரி என்றார். புரோக்கருக்குத்தான் கோபம். வேறு பார்ட்டி ரொக்கத்தோடு காத்திருக்கிறார் என்று நாளுக்கு இரண்டு தடவை போன் செய்கிறார். அந்தப் பார்ட்டி உங்கள் கட்டுரையைப் படித்தவராக இருந்தால், இந்தக் கடிதத்தையும் அவர் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு வாசகி,
கும்பகோணம்.